அழுகுணி ஆட்டம்

சட்டையின் கழுத்துப் பொத்தான் எட்டவே மாட்டேன் என்றது. அக்கா இழுத்துப் பார்த்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்தெல்லாம் சேர்ந்து தம்பியின் கழுத்தை ஊத வைத்திருந்தது.

"விட்டுடும்மா. போர்வையைக் கொஞ்சம் மேல இழுத்து விட்டா தெரியாது" என்றாள் அம்மா. "சுண்டுவுக்குக் கழுத்துப் பொத்தான் போட்டா சின்ன வயசுலயே பிடிக்காது." சொன்னவள் அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள்.

அக்காவுக்கு அழுகை வரவில்லை. அசதி மட்டும் அப்பிக்கொண்டு கிடந்தது. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கிய முதுகு, நிமிர்ந்தாலும் வலித்தது, குனிந்தாலும் வலித்தது. யாராவது ஒரு மூலையைக் காட்டி படு என்று சொன்னால் போதும், விழுந்துவிடுவாள். யார் சொல்வார்கள்? செத்த வீட்டில் கல்யாணமாகாத மூத்த பெண்ணுக்குத்தான் எல்லா வேலையும்.

அப்பா வாசற்படியில் நின்று அவளைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு கார் ரேஸ் கிளப்புல விசாரணை. உன்னைத்தான் முதல்ல கேப்பாங்க."

"தெரியும்பா."

"ஒல்லி ரெண்டு தடவை குறுக்க வந்தான். நீ பாத்தே."

அக்கா வாரம் முழுக்க டிரைவிங் ஸ்கூலில் பயந்தாங்கொள்ளிகளுக்கு கிளட்ச் மிதிக்கச் சொல்லிக்கொடுப்பவள், கார் பந்தயம் நடக்கிற நாட்களில் மட்டும் கடைசி வளைவில் எச்சரிக்கை காட்டும் மஞ்சள் கொடியோடு நிற்பாள். முன்னால் போன ஒல்லியின் காரை முந்தப் பார்த்து தம்பியின் கார் தடுப்புச் சுவரில் மோதியது அவள் கண்ணெதிரில். கேமராவில் வெறும் புழுதிதான் விழுந்திருந்தது. ஆக, அவள் சொல்வதுதான் சாட்சி.

முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனை மறிக்க ஒரு தடவை குறுக்கே வரலாம். அது வேகம், துணிச்சல், ஆட்டத்தில் சேர்த்தி. மறித்த பிறகு, அவன் வேறு பக்கம் ஒதுங்கி ஏறும்போது திரும்பவும் அவன்மேல் வந்தால் அது குற்றம். கிளப் சட்டப் புத்தகத்தில் இதற்கு அரைப் பக்கம் உண்டு. அக்காவும் தம்பியும் சின்ன வயதிலிருந்து ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்: அழுகுணி ஆட்டம்.

"ரெண்டு தடவைன்னு சொல்லு. அந்தப் பய இனிமே ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது" என்றார் அப்பா. "என் புள்ளைக்கு அதாவது நடக்கட்டும்."

போன வருஷம் இதே வளைவில் சுண்டு ஒல்லியை மறித்தான். ஒல்லிக்கு விலா எலும்பு முறிந்தது. அவன் அம்மா வீடு தேடி வந்து அழுதபோது, "பந்தயம்னா அப்படித்தாங்க, பூப்பறிக்கவா போறாங்க?" என்று இதே அப்பா கேட்டார். அன்று சாயங்காலம் தெரு முழுக்க இனிப்பு வேறு கொடுத்தார். அன்றும் ஒரு தடவைதான். அது ஆட்டத்தில் சேர்த்தி என்பதால் அன்று அக்காவும் அப்பாவை மறுக்கவில்லை.

வெளியே கூச்சல் கேட்டது. சித்தப்பா யாரையோ கேட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். "எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுடா இங்க வந்தே?"

ஒல்லிதான். நெற்றியில் பிளாஸ்திரி, கசங்கிய சட்டை. தள்ளின இடத்திலேயே நின்றான். அக்கா போய் சித்தப்பாவை விலக்கினாள்.

"அக்கா, நாளைக்கு ரெண்டு தடவைன்னு சொல்லிடுங்க" என்றான் அவன். "நானும் ஒத்துக்கறேன்."

"என்னடா உளர்றே?"

"எப்படியும் இனி நான் ஓட்டப் போறதில்ல. அப்பாவுக்கு என்னைத் திட்டினா ஆறும்னா திட்டட்டும். சுண்டு தப்புப் பண்ணான்னு எதுக்கு அவர் காதுல விழணும்?"

எத்தனை லேசாக இருந்திருக்கும்! ஒன்று என்பதற்குப் பதில் இரண்டு. அப்பாவுக்கு நிம்மதி, இவனுக்கும் ஒரு நிம்மதி, அவளும் போய்ப் படுத்துக்கொள்ளலாம். ஆனால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் வராத கோபம்.

"செத்துப்போனவனுக்காக என்னை அழுகுணி ஆட்டம் ஆடச் சொல்றியாடா? அவன் ஒரு நாளாவது அப்படி ஜெயிச்சிருக்கானா?"

ஒல்லி வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். பின்னால் செருப்புச் சத்தம். அப்பா வந்து நின்றிருந்தார். எவ்வளவு கேட்டிருந்தார் என்று தெரியவில்லை. சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லோரும் அக்காவின் முகத்தையே பார்த்தார்கள்.

"சொல்லு" என்றார் அப்பா.

"ஒரு தடவைதான்பா வந்தான். சுண்டுவுக்கு நேரம் இருந்துச்சு. பிரேக் பிடிச்சிருக்கலாம். பிடிக்கல. இடமே இல்லாத இடத்துல நுழைஞ்சான்."

சித்தப்பா, "கூடப் பொறந்தவளா நீ?" என்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் யாரைத் திட்டுறது?" என்று கேட்டார். பெரிய மனிதர் கேட்பது போலவே இல்லை.

"தெரியலப்பா" என்றாள். அப்போதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது.

வண்டி வந்து ஹாரன் அடித்தது. பெட்டியைத் தூக்க ஆட்கள் உள்ளே போனார்கள். சித்தப்பா போகவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருவில் நின்றார். தலைமாட்டில் அப்பாவுக்கு எதிர்ப்பக்கம் ஆள் இல்லாமல் இருந்தது. அப்பா வாசல் பக்கம் பார்த்தார்.

"டேய், வந்து பிடி" என்றார்.

ஒல்லி அப்பாவைவிட ஒரு தலை உயரம். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க, வீட்டு வாசலிலிருந்து வண்டி வரை முழங்காலை மடக்கியே நடந்தான்.