மாதா கோயில் சாவி

பெட்டியின் உள்மூடியான துத்தநாகத் தகட்டின் மூன்று விளிம்புகளைப் பற்றவைத்துவிட்டு நான்காவதில் கை வைத்தான் சவப்பெட்டிக்காரன். ஈயம் உருகும் நெடி தாங்காமல் ரெமோ ஜன்னலைத் திறந்தான். அவன் அக்கா ஓரியானா அசையவில்லை. உள்ளே கிடக்கும் அப்பாவின் கோட்டு உள்பையில் மாதா கோயில் சாவி இருப்பதை இப்போது சொன்னால்தான் உண்டு.

காலையில் அவருக்குக் கோட்டு மாட்டிவிடும்போதே கையில் தட்டுப்பட்டது. கனத்த இரும்புச் சாவி. எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். எடுக்காமல் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

அந்த மலையூரைப் பார்க்க வருகிறவர்கள் கோட்டை வாசலில் பேருந்தை விட்டிறங்கி, மூச்சு வாங்க ஏறி, கடைசியில் அந்தச் சின்னக் கோயில் முன்னால்தான் வந்து நிற்பார்கள். உள்ளே சுவர் முழுக்க ஓவியம். வெளியே பூட்டு. 'சாவி எட்டாம் எண் வீட்டில்' என்று கதவில் எழுதியிருக்கும். எட்டாம் எண் வீட்டில் மணி அடிக்கும். அப்பா எட்டோரே எழுந்து போவார். அவருக்கு முழங்கால் போன பிறகு மகளும் கூடப் போனாள், ஒரு கையில் அவரையும் மறு கையில் சாவியையும் பிடித்துக்கொண்டு. மணி சரியாகச் சாப்பாட்டு வேளையில்தான் அடிக்கும். ஓரியானா சுடச்சுடச் சாப்பிட்டு வருஷக்கணக்காகிவிட்டது.

கடற்கரை விடுதி ஒன்றில் சலவை அறையைப் பார்த்துக்கொள்ளும் லிதியா, பள்ளித் தோழி, வேலைக்கு வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "சாவிய யார்கிட்டக் குடுப்ப?" என்பார் அப்பா. பேச்சு அங்கேயே நின்றுவிடும். இந்த முறை லிதியாவிடம் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். நாளைக் காலைப் பேருந்து.

"அக்கா, உள்ள ஏதாவது வைக்கணுமா?" என்று கேட்டான் ரெமோ. தூரின் நகரத்திலிருந்து நேற்று வந்தவன், வந்த கையோடு திரும்பிப் போகும் ரயிலைப் பற்றிப் பேசியவன்.

"ஒண்ணும் வேணாம்."

நான்காவது விளிம்பும் மூடியது.

சவவண்டி சந்துக்குள் வராது. கோட்டை வாசல் வரை பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். வெளியூர்க்காரர்கள் சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஒரு பெண் போனைத் தாழ்த்தினாள், பெட்டி கடந்ததும் மறுபடி தூக்கினாள். எதிர்வீட்டு இயோலே ஓரியானாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"பாத்தியாடி, சாகறதுக்கும் திங்கக்கிழமையாப் பாத்திருக்காரு மனுஷன். ஞாயித்துக்கிழமைன்னா கோயில் பாக்க வர்றவங்க மணியடிச்சு எழுப்பியிருப்பாங்க."

ஓரியானாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சாவி பத்திரமா இருக்கில்ல?"

"பத்திரமாத்தான் இருக்கு."

"அதான பாத்தேன். எட்டோரே போனாலும் ஓரியானா எங்க போயிடப் போறான்னு எங்க வீட்டுக்காரர்கூட சொல்லிட்டிருந்தார்."

முன்னால் பெட்டி, பின்னால் ஊர், இரண்டு பக்கமும் சுவர். கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள். இயோலே அதைத் துக்கம் என்று நினைத்து இன்னும் இறுக்கினாள்.

கல்லறைத் தோட்டத்தில் சுவரிலேயே குடைந்திருந்த அறைக்குள் பெட்டியைத் தள்ளிவிட்டுக் கொத்தனார் செங்கல் அடுக்கினார். அப்பாவுக்காக அழுகை வந்தது. பொய்யழுகை இல்லை. ஆனால் அந்த அறையின் வாய் அடைபட அடைபட அவளுக்கு மூச்சு லேசாகிக்கொண்டே வந்தது. சாவி இல்லை, இனி யாரும் அவளைக் கேட்க முடியாது. பெற்றவர் போன நாளில் இப்படி ஒரு சந்தோஷமா என்று வெட்கமாகவும் இருந்தது. கடைசிச் செங்கல் மேல் கொத்தனார் கலவையைப் பூசினார்.

பங்குச் சாமியார் சில்வியோ அருகில் வந்தார்.

"ஓரியானா, அந்தப் பழைய சாவி எங்கம்மா?"

இதற்குத்தான் காத்திருந்தாள். "அப்பா கோட்டுப் பையில இருந்திருக்கு சாமி. மறந்துட்டேன். உள்ள போயிடுச்சு."

சாமியார் முகம் மலர்ந்தது. "சொன்னாரே! அப்படியே சொன்னாரே!" என்று ஊரைப் பார்த்துத் திரும்பினார். "போன குளிர்காலத்துல என்கிட்ட வந்தார். கீழ டவுன்ல புதுசா ஒண்ணு செய்யச் சொல்லி வாங்கிட்டு வந்து என்கிட்டக் குடுத்தார். 'இது ஓரியானாவுக்கு. பழசு என்கூடவே வரட்டும். பையிலயே விட்டுடுவேன், எம்பொண்ணு எடுக்க மாட்டா'ன்னார். நீ ஒரு வார்த்தைகூடக் கேக்காமலே அவர் நெனச்சத செஞ்சுட்டியேம்மா."

இயோலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா இருக்கிற தைரியத்துலதான் நான் ஊருக்குக் கிளம்பறேன்" என்றான் ரெமோ. சாமியார் புதுச் சாவியை நீட்டினார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிதியா என்று சொல்ல வாயெடுத்தாள். கை அதற்குள் வாங்கிக்கொண்டது.

ஊருக்குள் திரும்பியபோது கோயில் வாசலில் ஒரு வெளியூர்த் தம்பதி காத்திருந்தார்கள். இவளைக் கண்டதும் எழுந்தார்கள். புதுச் சாவி தடங்கலில்லாமல் திரும்பியது. விளக்கைப் போட்டாள்.

அந்த மனிதர் கேமராவைத் தூக்கினார், அதில் பார்த்தபடியே அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிக் கையசைத்தார். ஒதுங்கினாள். அப்பா எப்போதும் நிற்கிற மூலை. அங்கே அவர் சாய்ந்து சாய்ந்து சுவர் மழமழவென்று ஆகியிருந்தது. அவள் தோளுக்கும் அது சரியாக இருந்தது.