ஒரே ஓட்டில் ஜெயித்த மாமா

வீட்டில் வாயாடி என்று பெயர் எடுத்த பெண், பல்கலைக்கழக அலுவலகத்தின் ஏழாம் கவுண்டர் முன்னால் வாயடைத்துப்போய் நின்றாள்.

"நீங்க வெளி மாநிலம்மா," என்று இரண்டாம் முறையாகச் சொன்னார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா. எரிந்து விழுகிற ஆள் இல்லை. எரிந்து விழுந்திருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள்.

"ஏழு வருஷமா இங்கதான் சார் இருக்கோம். ஆறாம் கிளாஸ்லேர்ந்து நான் படிச்சதெல்லாம் இங்கதான்."

"நீ எங்க படிச்சேங்கிறது இல்லம்மா, அப்பா எங்க குடியிருக்கார்ங்கிறதுதான் விதி. உங்கப்பா போன வருஷம் பக்கத்து மாநிலத்துல ஓட்டுப் போட்டிருக்காரே."

பக்கத்தில் நின்ற அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டாவது மாடியில் கம்பி லேசாக முனகினாலும் கீழே நின்றபடியே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார். அலுவலகங்களில் மட்டும் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த ஓட்டுக்கு ஒரு கதை உண்டு. ஏழு வருஷத்துக்கு முன் இந்த மாநிலத்துக்குக் குடிவந்தபோது எல்லா அட்டைகளிலும் முகவரியை மாற்றியவர்கள், ஓட்டை மட்டும் மாற்றவில்லை. அம்மாவின் தம்பி விடவில்லை. "வார்டு தேர்தல்ல நிக்கப்போறேன் அத்தான், உங்க ரெண்டு ஓட்டும் இங்கயே கிடக்கட்டும்," என்றார். நின்றார், தோற்றார். மறுபடி போன வருஷம் நின்றார். அம்மாவுக்குக் காலில் மாவுக்கட்டு, அதனால் அப்பா மட்டும் ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய் ஓட்டைக் குத்திவிட்டு வந்தார். மாமா ஜெயித்தார். எத்தனை ஓட்டில் என்கிறீர்கள்? ஒரே ஒரு ஓட்டில்!

அடேயப்பா, அதற்குப் பிறகு அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. "அந்த ஒத்த ஓட்டு யாருதுன்னு நினைக்கிறீங்க?" என்று லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்களிடமெல்லாம் கேட்டார். இரண்டே ஓட்டு உள்ள குடும்பத்துக்கு இத்தனை பெருமை ஆகாதுதான். யார் சொல்வது?

"வழி இருக்கு," என்று குமாஸ்தா ஒரு தாளை நீட்டினார். "அஞ்சு வருஷத்துக்கு மேல நான் அங்க குடியில்ல, என் பேரு அந்த ஊர் ஓட்டர் பட்டியல்ல இருந்தது தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு விண்ணப்பத்தோட அனுப்பிடுங்க. உள் மாநிலத்துல சேர்த்துடுவோம். நகல் ஒண்ணு அங்க தேர்தல் ஆபீசுக்குப் போகும், பேரை எடுக்கிறதுக்கு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

அவள் சேர நினைத்த கால்நடை மருத்துவப் படிப்பில் உள் மாநிலத்தவருக்கு எண்பது இடம், வெளி மாநிலத்தவருக்கு நாலு. வாயாடியின் மதிப்பெண்ணுக்கு எண்பதில் ஒன்று கைமேல் இருந்தது. நாலில் ஒன்று நடக்கிற காரியமே இல்லை. மூன்று பேருக்கும் அது தெரியும்.

அப்பாவுக்கும் மகளுக்கும் தெரிந்த இன்னொன்று குமாஸ்தாவுக்குத் தெரியாது. மாமாவிடம் தோற்றுப்போன மாவு மில்காரர், வெளியூர்க்காரர்களைக் கூட்டிவந்து ஓட்டுப் போட வைத்தார் என்று மாமா மேல் வழக்குப் போட்டிருந்தார். அவரிடம் இல்லாதது ஆதாரம் ஒன்றுதான். அந்த நகல் போய்ச் சேர்ந்தால் அதுவும் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தாளைப் படித்தாள். அடுப்பை அணைத்தாள். தாய் இல்லாத தம்பியை ஆறு வயதிலிருந்து சோறூட்டி வளர்த்தவள் அவள். "அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்," என்று மட்டும் சொன்னாள்.

மாமாவின் குரல் ஃபோனில் தேனாய் வழிந்தது. "தாராளமா எழுதிக் கொடுங்க அத்தான். பதவி போனா போகட்டும். என்னைத் தூக்கி உள்ள வச்சாலும் பரவாயில்ல. நம்ம குழந்தை படிப்புதான் முக்கியம்."

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டுக் கையெழுத்தைப் போட்டிருக்கலாம். இப்படிப் பேசினால் எந்த மனுஷன் போடுவான்?

மூன்று நாள் வீட்டில் தாளைப் பற்றிப் பேச்சே இல்லை. வெள்ளிக்கிழமை அப்பா லீவு போட்டார். மேஜையில் தாள், அதன் மேல் பேனா, எதிரே அப்பா. அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. வாயாடி கம்ப்யூட்டர் முன்னால் விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு பேரில் ஒருவர் வாயைத் திறக்க மாட்டார்களா என்று காத்திருந்தாள். எங்களுக்கு நீதான் முதல் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால்கூட அவள் மனசு ஆறியிருக்கும்.

நாலு மணி ஆயிற்று. "வெளி மாநிலம்னே போட்டுடறேன்ப்பா," என்றாள்.

வேண்டாம் என்று யாராவது தடுப்பார்கள் என்று நம்பித்தான் சொன்னாள். அப்பா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். அம்மா சட்டென்று எழுந்தாள். "என்ன சாப்பிடற கண்ணு? காலைலேர்ந்து நீ ஒண்ணுமே சாப்பிடல," என்று சமையலறைக்குள் போனாள். அந்த நடையில் இருந்த நிம்மதியை வாயாடி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விண்ணப்பத்தை அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. வெளி மாநிலத்தில் நாலு பெயர், அவள் பெயர் இல்லை. உள் மாநிலத்தில் கடைசியாக இடம் கிடைத்தவனுக்கு அவளைவிடப் பதினொரு மதிப்பெண் குறைவு. அவள் அழவில்லை. பட்டியலை மேலும் கீழுமாக உருட்டிக்கொண்டே இருந்தாள்.

அப்பா வேலை முடிந்து வந்து, கையில் இருந்த கிரீஸைத் துடைத்தபடி பின்னால் நின்று பார்த்தார்.

"நீதான் அவசரப்பட்டுட்ட பாப்பா," என்றார். "இன்னும் ஒரு மணி நேரம் இருந்துச்சு. நான் போட்டிருப்பேன்."

"அவ எப்ப பொறுமையா இருந்திருக்கா?" என்றாள் அம்மா. "நினைச்சா நினைச்சதுதான்."

வாயாடி திரும்பி இருவர் முகத்தையும் பார்த்தாள். இரண்டிலும் பொய் இல்லை. அப்படித்தான் நடந்தது என்று இருவரும் மனசார நம்பியிருந்தார்கள். இனி இந்த வீட்டில் அது அப்படித்தான் நடந்தது.

"ஆமாப்பா," என்றாள்.