நாணலை ஒதுக்கிக் கட்டியவர்

எலக்ட்ரீஷியனுக்கு எதுவும் தொங்கக் கூடாது. சுவரில் ஓடும் ஒயர் கொஞ்சம் விலகி நின்றாலே போதும், அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் மின்சாரப் பராமரிப்பு முழுக்க அவர் கையில் இருந்தது. அங்கே மேல்கூரைப் பலகையைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே போகும் ஒயர்களெல்லாம் வகிடெடுத்து வாரிய தலைபோல இருக்கும். அவர் சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, கறுப்பு கேபிள் டை ஒரு கொத்து கட்டாயம் இருக்கும். இழுத்தால் இறுகும், இறுகினால் அவிழாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் பட்டையை அவர் மனிதர்களைவிட அதிகமாக நம்பினார்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பூங்கா. முன்பக்கம் ஊஞ்சல், சறுக்குமரம், நடைப்பயிற்சிக்காரர்கள். பின்பக்கம் நாணல் மண்டிய குட்டை. முன்பெல்லாம் அவரும் மனைவியும் சேர்ந்தே அங்கே போவார்கள். மனைவி பெண்கள் வார்டில் நர்ஸ். தெருவுக்கே நர்ஸம்மா. பறவையைக் கண்டுபிடிப்பது நர்ஸம்மாவின் வேலை, படம் எடுப்பது இவர் வேலை. "அந்தப் பட்டுப்போன கிளைக்குக் கீழ பாருங்க, கீழங்க, இன்னும் கீழ" என்று நர்ஸம்மா காதுக்குள் சொல்லிக்கொண்டே இருக்க, இவர் கேமராவை அங்குமிங்கும் திருப்பித் திட்டு வாங்குவார். மீன்கொத்தி, கொக்கு, நீர்க்காகம் என்று அந்தக் குட்டையில் இருந்ததையெல்லாம் அப்படித்தான் எடுத்தார்கள்.

பிறகு நர்ஸம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் அறுவை சிகிச்சை. படுத்தே கிடக்க வேண்டும், எழுந்து உட்காருவது போகப் போகத்தான் தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எலக்ட்ரீஷியன் உடனே காரியத்தில் இறங்கினார். படுக்கையறை இருட்டு, காற்றோட்டமில்லை என்று கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்தார். கைக்கெட்டும் இடத்தில் விளக்கு சுவிட்ச், ஃபேன் சுவிட்ச், அழுத்தினால் அடுப்படியில் ஒலிக்கும் மணி. கால்மாட்டில் டிவி. அடுப்படியில் நின்றபடியே அவருக்குக் கட்டில் முழுசாகத் தெரியும். ஒயர் ஒன்றுகூடத் தொங்கவில்லை. வந்தவர்களெல்லாம், "பொண்டாட்டியக் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கறாரு" என்றார்கள். அவருக்கும் உள்ளூரப் பெருமைதான்.

வாசற்கதவைத் திறந்தால் முதலில் தெரிவதும் அந்தக் கட்டில்தான். அவருடைய அக்கா குடும்பத்தோடு வருவாள், மாடி வீட்டுக்காரர்கள் வருவார்கள், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வருவார். யார் வந்தாலும் நர்ஸம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வார், எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும்.

"ஒரு திரை போட்டுக் குடுங்களேன்" என்று முதல் வாரமே கேட்டார்.

"யாரு பாக்கப் போறா? எல்லாம் நம்ம ஆளுங்கதானே. திரை போட்டா காத்து வராது. எனக்கும் அங்கேருந்து உன்னைப் பாக்க முடியாது."

"வார்டுல நான் திரையை இழுத்துட்டுத்தாங்க எதையுமே ஆரம்பிப்பேன். ஊசி போடறதா இருந்தாக்கூட."

"இது வார்டா? வீடும்மா."

இன்னொரு தரம் கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகு நர்ஸம்மா கேட்கவில்லை. பேச்சே குறைந்துபோயிற்று. கேட்டதற்குப் பதில், கொடுத்ததில் பாதிச் சாப்பாடு, மற்ற நேரமெல்லாம் சுவர் பக்கம் திரும்பிய முகம். வலிதான் காரணம் என்று எலக்ட்ரீஷியன் நினைத்துக்கொண்டார். ஒயரில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கத் தெரிந்த மனிதருக்கு, இது மட்டும் பிடிபடவில்லை.

அந்த முகத்தைச் சுவரிலிருந்து திருப்பியது ஒரு தாழைக்கோழிதான். கறுப்பு உடம்பு, நெற்றியில் சிவப்பு, அலகு நுனியில் மஞ்சள், தண்ணீரில் தலையை ஆட்டி ஆட்டி நீந்தும் பறவை. ஒருநாள் வேலை முடிந்து போனபோது, நாணலுக்குள் அது கூடு கட்டி உட்கார்ந்திருப்பதைக் கண்டார். நாணல் தாள்களுக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளியும் கொஞ்சம் கறுப்பும், அவ்வளவுதான் படத்தில் விழுந்தது. கூட்டுக்கு மேலே பச்சைத் தாள்களை வளைத்து இழுத்து, அதுவே ஒரு கூரை போட்டிருந்தது. அன்றிரவு படத்தை டிவியில் போட்டதும் நர்ஸம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அடை உக்காந்திருக்குங்க. பாத்தா தெரியலை?"

அன்றிலிருந்து தினமும் அவர் வாசல்படி ஏறும்போதே உள்ளிருந்து குரல் வரும்: "உக்காந்திருக்கா?" உட்கார்ந்திருக்கிறது என்றால் அன்று சாப்பாடு மிச்சமில்லாமல் உள்ளே போகும். "அது குஞ்சோட தண்ணில இறங்கறதுக்குள்ள நானும் எழுந்து உக்காந்துருவேன், பாருங்க" என்று ஒருநாள் சொன்னபோது, எலக்ட்ரீஷியன் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த முட்டைகள் நல்லபடியாகப் பொரிய வேண்டும் என்று, சாமியையே அவ்வளவாகத் தொந்தரவு செய்யாத மனிதர் வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார்.

ஒரே ஒரு குறைதான். படம் தெளிவாக இல்லை. எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் குறுக்கே ஒரு நாணல்.

பூங்காவுக்குப் படமெடுக்க வரும் இன்னொருவருக்குப் பீரங்கி என்று பெயர். தோளில் வைத்துச் சுடுவதுபோல் அவ்வளவு நீளமான லென்ஸ். பேச்சும் அதே நீளம். அவர்தான் சொன்னார்:

"இதுக்குப் போயி மண்டைய உடைச்சுக்கறீங்களே! முன்னாடி இருக்கறத ரெண்டு பக்கமும் ஒதுக்கிக் கட்டிட்டா தீர்ந்துது. ஸ்டேஜுக்குத் திரையத் தூக்கின மாதிரி இருக்கும்."

"பறவை ஓடிடாதா?"

"முட்டைய விட்டு எங்க சார் போகும்?"

எலக்ட்ரீஷியனின் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. முழங்கால் தண்ணீரில் இறங்கி, நாணலைக் கொத்துக் கொத்தாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாரி, கேபிள் டை போட்டு இறுக்கினார். தலைக்கு மேலே வளைந்திருந்த தாள்களையும் விட்டுவைக்கவில்லை. வேலை சுத்தம். கரையேறித் திரும்பிப் பார்த்தால், சாயங்கால வெயில் கூட்டின்மேல் தங்கமாகக் கொட்டியது. அவர் இறங்கியதுமே ஓடியிருந்த தாழைக்கோழி, கொஞ்ச நேரத்தில் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி வந்து மறுபடி கூட்டில் ஏறியது. இறக்கையை விரித்து, வாயைத் திறந்து நின்றது. காலுக்குக் கீழே ஐந்து முட்டைகள், ஒவ்வொரு புள்ளியும் தெரிய.

இப்படியொரு படத்தை அவர் வாழ்நாளில் எடுத்ததில்லை. மறுநாளும் எடுத்தார். பறவைப் படக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல் பொம்மைகளாக வந்து குவிந்தன. இரண்டு நாள் படத்தையும் சேர்த்துக் காட்டி நர்ஸம்மாவை அசத்திவிட வேண்டும் என்று, வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்து டிவியில் போட்டார்.

நர்ஸம்மா பார்த்தார்.

"எப்படி? பாடற மாதிரியே இல்ல?"

"பாடலைங்க. அதுக்கு மூச்சு வாங்குது."

"என்ன?"

"வாயைப் பாருங்க. தொண்டையப் பாருங்க. வெயில் தாங்கலை அதுக்கு. இறக்கைய விரிச்சு முட்டைக்கு நிழல் குடுத்துக்கிட்டு நிக்குது." நர்ஸம்மாவின் குரல் வார்டுக் குரலாகியிருந்தது. "மேல கூரை இருந்துச்சே. நாணலெல்லாம் எங்க?"

எலக்ட்ரீஷியன் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஓரத்தைப் பெருசாக்குங்க."

பெரிதாக்கினார். இறுக்கிக் கட்டிய நாணல் கொத்து. அதன் இடுப்பில் ஒரு கறுப்புப் பட்டை. நர்ஸம்மாவின் கட்டில் காலில் ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்ததும் அதே பட்டைதான். யார் வேலை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"உனக்கு நல்லாத் தெரியணும்னுதான்..." என்று ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியணும்னு நான் கேட்டேனா? உக்காந்திருக்கான்னுதானே தினமும் கேட்டேன்?" என்று சொல்லி, நர்ஸம்மா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று சாப்பாட்டைத் தொடவில்லை.

பொழுது விடிந்து பூங்காக் கதவைத் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனது எலக்ட்ரீஷியன்தான். கேமரா எடுத்துப் போகவில்லை, கட்டர் மட்டும். குட்டைக் கரைக் கம்பத்தில் ஒரு காகம் சாவகாசமாக அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததுமே ஓடினார். தண்ணீரில் இறங்கினார். தாழைக்கோழி கத்திக்கொண்டே நாணலுக்குள் ஓடிற்று. கூட்டில் மூன்று முட்டைகள்தான் இருந்தன. இன்னொன்றின் ஓடு பிளந்து விளிம்பில் ஒட்டியிருந்தது. மற்றது போன இடமே தெரியவில்லை.

ஒவ்வொரு பட்டையாக வெட்டினார். நாணல் நிமிரவில்லை. இறுக்கிய இடத்தில் மடிந்து மடிந்தபடியே நின்றது. கையால் நிமிர்த்தினால் மறுபடி சாய்ந்தது. எதைக் கட்டினாலும் இறுகக் கட்டத் தெரிந்த கைக்கு, அவிழ்த்ததை நிற்க வைக்கத் தெரியவில்லை. கடைசியில் தள்ளிப் போய்க் கொஞ்சம் நாணலை அறுத்து வந்து, கட்டாமல், ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்துச் சாய்த்து மூடினார். கோணலும் மாணலுமாக ஒரு கூரை வந்தது.

மூடிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது. போன வாரம் அக்கா வந்த நேரம் அவருக்குக் கண்முன் வந்தது. கதவு தாழ் போடாமல் இருந்தது. அவர் நர்ஸம்மாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா, அத்தான், அவர்கள் மருமகன் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். "பரவால்ல, நீ வேலையப் பாரு" என்று அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நர்ஸம்மா போர்வைக்காகக் கையை நீட்டினார். போர்வை கால்மாட்டில் கிடந்தது, எட்டவில்லை. வாயைத் திறந்து மூச்சு விட்டபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும் வலிதான் என்று எலக்ட்ரீஷியன் நினைத்திருந்தார்.

தண்ணீருக்குள் நின்றபடியே அவர் அழுதார். நல்லவேளை, நடைப்பயிற்சிக்காரர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை.

அன்று பகல் முழுக்க வேலையில் மனம் ஒட்டவில்லை. சாயங்காலம் பூங்காவுக்குப் போனவர் கூட்டுப் பக்கம் போகாமல் எட்டவே நின்றார். பீரங்கி எதிரே வந்தார்.

"யாரோ நம்ம ஸ்டேஜை மூடிட்டாங்க சார்! படுபாவிங்க!"

"நான்தான்."

"நீங்களா? நாலு நாள் பொறுத்திருந்தா குஞ்சுப் படம் கிடைச்சிருக்குமே!"

"ரெண்டு முட்டை போயிருச்சு. அந்தப் பக்கம் போகாதீங்க. கேட்டுக்கறேன்."

பீரங்கி ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தவர், எலக்ட்ரீஷியனின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மூன்றுகால் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

இருட்டும்வரை எலக்ட்ரீஷியன் நின்று பார்த்தார். நாணல்தான் தெரிந்தது. உள்ளேயிருந்து ஒரே ஒரு தடவை 'குர்ரக்' என்று ஒரு சத்தம் வந்தது. அது கூட்டிலிருந்தா, வேறெங்கிருந்தாவதா என்று சொல்வதற்கில்லை.

வாசல்படி ஏறும்போது உள்ளிருந்து குரல் வரவில்லை. அவரே கட்டிலருகே போய் நின்றார்.

"மூணுதான் மிச்சம். மூடிட்டு வந்துட்டேன். திரும்பி வந்து உக்காந்துதான்னு தெரியலை. எவ்வளவு நேரம் பாத்தும் ஒண்ணுமே தெரியலை."

நர்ஸம்மா அவர் பக்கம் திரும்பினார். பிறகு, "தெரியாம இருக்கறதுதாங்க நல்லது" என்றார்.

எலக்ட்ரீஷியன் ஏணியை எடுத்தார். ஹாலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, பெட்டியிலிருந்த இரண்டு படுக்கை விரிப்புகளை அதில் மாட்டினார். அவசர வேலை. ஒரு ஓரம் ஏறி, ஒரு ஓரம் இறங்கித் தொங்கியது. அவர் அதைப் பார்த்தார், அப்படியே விட்டுவிட்டார். விளிம்பை நர்ஸம்மாவின் கையில் கொடுத்தார். நர்ஸம்மாவே அதைக் கடைசிவரை இழுத்து மூடிக்கொண்டார்.

அடுப்படியில் பாலை வைத்துவிட்டு நின்றபோது கட்டில் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து அழுகை கேட்டது. விழுந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷி, வாய்விட்டு அழுதார். ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும்போல அவருக்குக் கால் பரபரத்தது. அடுப்பு மேடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

வாசல்மணி அடித்தது. பழப்பையோடு அக்கா, பின்னால் அத்தான். அக்கா வழக்கம்போல் செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே கால் வைக்க, எலக்ட்ரீஷியன் குறுக்கே நின்றார்.

"இருக்கா. கேட்டுட்டு வரேன்."

"யார்ட்ட கேக்கப் போற?" என்றாள் அக்கா.

அவர் திரைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார்.

"அக்கா வந்திருக்காங்க. உள்ள வரச் சொல்லட்டுமா?"

அழுகை நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இத்தனை நாளில் இந்தக் கேள்வியை யாரும் நர்ஸம்மாவிடம் கேட்டதில்லை.

"இன்னைக்கு வேணாங்க."

"சரி" என்றார் எலக்ட்ரீஷியன். வாசலுக்குப் போய், அதை அக்காவிடம் அப்படியே சொன்னார்.