பதினாலாம் படுக்கையின் வெறும் வரி

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பெரிய மேதாவி என்று நினைப்பு எனக்கு.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை. வார்டுப் பட்டியலை டைப்பிஸ்ட் அக்கா அடித்துத் தருவார். நோயாளிக்கு மூன்று வரி: படுக்கை எண், பெயர், எந்த மருந்து அலர்ஜி. மூன்றாம் வரி வெறுமையாக இருந்தால் 'அலர்ஜி இல்லை' என்று நிரப்பி அச்சிட ஒரு புரோகிராம் எழுதினேன். வெறும் வரியைக் கண்டுபிடிக்க ^$ என்ற தேடல் குறி போதும், ^ வரியின் தொடக்கம், $ அதன் முடிவு; வரி தொடங்கிய கையோடு முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓட்டினால் இரண்டே இரண்டு வரிதான் சிக்கியது. வெறுமையாகத் தெரிந்த மற்ற வரிகளில் எல்லாம் அக்கா ஒரு ஸ்பேஸ் தட்டியிருந்தார்.

"இந்த அக்காவுக்கு விரல் சும்மாவே இருக்காது" என்று முணுமுணுத்துக்கொண்டே, ஸ்பேஸ் இருந்தாலும் பிடிக்கும்படி ^\s*$ என்று மாற்றினேன். எல்லாம் சிக்கின. அக்கா பக்கத்து மேஜையில்தான் இருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மறுநாள் பட்டியலை நம்பிப் பதினாலாம் படுக்கைப் பெரியவருக்கு ஊசி போட்டதும் முகம் வீங்கி மூச்சு முட்டியது. நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார். தலைமை நர்ஸ் பட்டியலோடு நேராக அக்காவிடம் வந்தார்.

"அவர்கிட்ட கேக்காமலே அலர்ஜி இல்லைன்னு அடிச்சீங்களா?"

"ஐயோ, இல்ல மேடம்! அவர் மயக்கமா இருந்தார், கேக்க முடியல. அதான் வெறும் வரியா விட்டேன். கேட்டு இல்லைன்னு சொன்னவங்களுக்கு மட்டும் ஒரு ஸ்பேஸ் தட்டுவேன். எனக்கு நானே வச்சுக்கிட்ட அடையாளம் அது."

தலைமை நர்ஸ் பட்டியலில் 'அலர்ஜி இல்லை' என்ற இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"அப்போ இந்த எழுத்து தானா முளைச்சுதா? நாளைக்குக் காலையில ராஜினாமா எழுதிக் குடுங்க."

நிரப்பியது என் புரோகிராம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. நான் வாயையே திறக்கவில்லை. எனக்கும் வேலை போய்விடுமே என்ற பயம், வேறென்ன!

அக்கா அன்று முழுக்க அழுதார். "நான்தான் நெனப்பில்லாம அடிச்சிட்டேனோ தம்பி? கம்ப்யூட்டர் பொய் சொல்லாதில்ல?"

"தண்ணி குடிங்கக்கா" என்று டம்ளரை நீட்டினேன். தூ! நானும் ஒரு மனுஷன்.

காலையில் அக்கா ராஜினாமாவை எழுதி மடித்து மேஜைமேல் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் அடித்துத் தந்த பழைய கோப்பில் ^$ஐ ஓட்டினேன். இரண்டு வரி வந்தது. ஒன்று பதினாலாம் படுக்கை. அச்செடுத்துப் போய்த் தலைமை நர்ஸிடம் கொடுத்து, "அக்கா சரியாத்தான் விட்டாங்க மேடம். நிரப்பினது நான்" என்றேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் வேலையைப் பற்றி மேலிடம் முடிவு செய்யுமாம்.

திரும்பி வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மடித்த தாளை அவர் மெல்லக் கிழித்துப் போட்டார். முகத்தில் சிரிப்புகூட வந்தது. பிறகு கேட்டார்.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"நேத்தே தெரியும்க்கா. நீங்க ஸ்பேஸ்னு சொன்னப்பவே."

சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்போ, தெரிஞ்சுக்கிட்டேதான் எனக்குத் தண்ணி குடுத்தியா?"