தொண்டை கட்டிய மகன்

பிரேமாவதி அத்தை தைலப் புட்டியைத் திறந்து, இரண்டு விரலில் தொட்டு, காளிதாசனின் கழுத்தில் தேய்க்கப் போனாள்.

“தொடாதீங்க அத்தே!”

யோகேஸ்வரி போட்ட சத்தத்தில் தேவாரம் பாடிக்கொண்டிருந்தவர்களே நிறுத்திவிட்டார்கள். கூடத்தின் நடுவில் அப்பா பக்கிரிசாமி மாலையும் விபூதியுமாகப் படுத்திருந்தார். லூனாஸ் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். சாவு வீட்டில் அழுவதற்குச் சத்தம் போடலாம், அதட்டுவதற்குப் போடக்கூடாது போலிருக்கிறது.

“என்னாடி இப்படிக் கத்துற? ஒங்கண்ணன் அழுதழுது தொண்ட கட்டிக் கெடக்கான். வாயத் தொறந்தா காத்துதான்லா வருது!” அத்தை மூக்கைச் சிந்தினாள்.

காலையிலிருந்து அந்த வீட்டில் இதுதான் பேச்சு. ‘நான் செத்தாலும் வாசப்படி மிதிக்காதே’ என்று விரட்டிய அப்பனுக்காக மகன் வந்துவிட்டான். வந்தது மட்டுமா, குரலே போகுமளவுக்கு அழுதும் விட்டான். கேட்டவர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இவ்வளவு நல்ல கதையைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்?

யோகேஸ்வரிக்குத்தான் அது ஒட்டவில்லை. அவள் அண்ணனைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். அப்பாவின் கால்மாட்டில் வந்து நின்றான், கைகளைக் கட்டிக்கொண்டான், அவ்வளவுதான். கண் காய்ந்தே கிடந்தது. அந்த வீம்பு அப்பா கொடுத்த சொத்து. ஒரு சொட்டுகூட அழாதவனுக்குத் தொண்டை எப்படிக் கட்டும்?

அவள் சுங்கை பட்டாணியில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் தாதி.

“காலையில மோட்டர்ல மாலை வாங்கப் போனியே, எங்கயாச்சும் விழுந்தியா?”

“ஒன்னு… மில்ல.”

விடாமல் கேட்டதில் கரகரவென்று சொன்னான். பந்தல்காரர்கள் ரோட்டுக்குக் குறுக்கே விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த கயிற்றை அவன் பார்க்கவில்லையாம். கழுத்தில் மாட்டி, மோட்டார் சைக்கிளிலிருந்து இழுத்துத் தள்ளிவிட்டதாம். மாலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றான், பெருமையாக.

சட்டைக் காலரை விலக்கினாள். மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று. அதற்குப் பொருந்தாத வீக்கம். விரல் நுனியால் தொட்டாள். தோலுக்கடியில் பொரியை அமுக்கினாற்போல நொறநொறவென்றது. மூச்சுக்குழாய் கிழிந்திருக்கிறது. நுரையீரலுக்குப் போக வேண்டிய காற்று, கிழிசல் வழியாகக் கசிந்து தோலுக்கடியில் பரவுகிறது. கிழிசல் பெரிதானாலும், வீக்கம் வழியை அடைத்தாலும், இந்த வீட்டிலிருந்து இன்றைக்கு இரண்டு பேர் போவார்கள்.

“ஆம்புலன்ஸ கூப்புடுங்க. இவன் அழல. காலையிலேர்ந்து ஒரு சொட்டு அழல. தொண்டக்குள்ள கிழிஞ்சிருக்கு!”

மானத்தை வாங்கிவிட்டாயே என்பதுபோல் அண்ணன் முறைத்தான்.

“நல்லா இருக்கே!” என்றார் சிவநேசன் சித்தப்பா. “கொள்ளி வைக்க வேண்டிய மூத்த புள்ள. தூக்குற நேரத்துல ஆஸ்பத்திரியா? முடிச்சிட்டுப் போவட்டும்மா.”

காளிதாசனும் தலையை ஆட்டினான். “வச்சிட்டு…” என்று ஆரம்பித்தவன் இருமினான். கைக்குட்டையில் ரத்தம்.

அப்பாவின் தலைமாட்டிலிருந்து அம்மா மருதம்மாள் எழுந்தாள். காலையிலிருந்து அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

“எம்புருசன் காத்திருப்பாரு. காலம் பூரா என்னையத்தான் காக்க வச்சாரு, இன்னிக்கி அவரு இருக்கட்டும். நீ அண்ணன கூட்டிட்டுப் போ.”

படுத்தால் வீக்கம் மூச்சை அடைத்துவிடும் என்று ஆம்புலன்சில் அவனைப் படுக்க விடவில்லை. முன்பக்கம் சாய்ந்தபடி உட்கார வைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டாள். “பேசாத. வாயத் தொறந்தே, அடிப்பேன்.” அவனுடைய ஒவ்வொரு மூச்சும் விசிலடித்துக்கொண்டு உள்ளே போயிற்று. மயக்க மருந்து டாக்டரும் தொண்டை டாக்டரும் தயாராக இருக்கட்டும் என்று வழியிலேயே தன் ஆஸ்பத்திரிக்குப் போனில் சொல்லிவைத்தாள். சாமியையும் விடவில்லை, தெரிந்த பெயரையெல்லாம் கூப்பிட்டாள்.

தொண்டை டாக்டர் தர்மினி வாசலிலேயே நின்றிருந்தார். மயங்கினால் மூச்சு நின்றுவிடலாம் என்று அவர் அவனுக்கு மயக்கம் கொடுக்கவில்லை, படுக்கவும் வைக்கவில்லை. மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, கேமரா வைத்த மெல்லிய குழாயை, அதன்மேல் கோத்திருந்த சுவாசக் குழாயோடு சேர்த்து இறக்கினார். திரையில், குரல்வளைக்குக் கீழே, கிழிசல் வாய் பிளந்து தெரிந்தது. அதைத் தாண்டி அந்தச் சுவாசக் குழாயைக் கொண்டுபோக வேண்டும். குழாய் கிழிசலுக்குள் நுழைந்துவிட்டால் எல்லாம் போயிற்று. அண்ணன் அவள் கையை நெரித்தான். குழாய் இறங்கியது, கிழிசலின் ஓரத்தில் நின்றது, மெல்லத் திரும்பியது, தாண்டியது.

“தாண்டிருச்சி!” என்று டாக்டரே கத்திவிட்டார். அதற்குப் பிறகுதான் மயக்க மருந்து கொடுத்து அறுவைச் சிகிச்சை அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

பொழுது இறங்குவதற்குள் தர்மினி வெளியே வந்தார். “தச்சாச்சி. கொரல் மெதுவா வந்துரும். ஒங்க அண்ணன நீங்க வீட்டுலயே வச்சிருந்தா நான் உயிரோட பாத்திருக்கவே முடியாது. சாவு வீட்டுல எல்லாருக்குந்தானே தொண்ட கட்டும், எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“அவன் வீம்பு எனக்குத் தெரியும் டாக்டர்.” சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த நடைபாதையில் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது அவளுக்கு. அப்பா இறந்த நாளில் இப்படி ஒரு சந்தோஷமா என்று வெட்கப்படக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“மூச்சு வுடறானா?”

“விடறான்மா. நல்லா விடறான்.”

“சரி. அப்ப கொள்ளிய நான் வைக்கிறேன். எவனாச்சும் வாயத் தொறக்கட்டும், பாத்துக்கிறேன்” என்றாள் அம்மா. போனை நகர்த்தாமலே வாசலில் நின்ற மேளக்காரர்களை அதட்டினாள். “என்னா முழிச்சிக்கிட்டு நிக்கிறீங்க? அடிங்கடா!”

போனில் உருமி மேளம் அதிர்ந்தது.

யோகேஸ்வரி போனோடு தீவிரச் சிகிச்சை அறைக்குள் போனாள். அங்கிருந்த தாதி வழிவிட்டு நகர்ந்துகொண்டாள். காளிதாசன் மயக்கத்தில் கிடந்தான். போனை அவன் காதோரம் தலையணையில் வைத்தாள். உருமி கேட்டுக்கொண்டிருந்தது. போர்வைக்கடியில் அவன் மார்பு ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது.