ஹல்மி யாருடைய பெயர்?

வெய்ஹாய் துறைமுகத்தில் ஏற்றுமதிக்குப் போகவிருந்த, எங்கள் தூண்டில் ரீல்கள் நிரம்பிய கன்டெய்னரைச் சுங்கத்தார் நிறுத்திவிட்டார்கள். பெட்டிகளில் இருந்த ‘ஹல்மி’ என்ற பெயரை, சீனாவில் லுவான் என்பவர் இரண்டு வருடங்களுக்கு முன்பே தன்னுடையதாகப் பதிவு செய்திருந்தாராம். ஹல்மி எங்கள் பின்லாந்து முதலாளியின் குடும்பப் பெயர். லுவான் நாலு தெரு தள்ளி ரீல் செய்து விற்பவர்.

முதலாளி தொலைபேசியில் தளர்ந்துபோய்ப் பேசினார். “விட்டுடுங்க யூ. உங்க ஊர்க்காரரை எதிர்த்து எனக்கு யாரு தீர்ப்பு சொல்லப் போறாங்க? மூடிடலாம்.”

அந்த யூ நான்தான், வெய்ஹாயில் அவருடைய ஆலையின் மேலாளர். அறுபத்திரண்டு பேருக்கு அங்கேதான் பிழைப்பு. “மூடறதை அப்புறம் பாத்துக்கலாம் சார். முதல்ல சண்டை போடுறேன்” என்றேன்.

வக்கீல் சோங் லின் நான் சொன்னதையெல்லாம் மீன் கொழுக்கட்டையை மென்றுகொண்டே கேட்டாள்.

“சட்டம் உங்க பக்கம்தான் அக்கா. ஒருத்தரோட வியாபாரம் பேசிட்டு, அவரு பேரையே பின்னாடி திருட்டுத்தனமா பதிஞ்சா செல்லாது. ஆனா பேசினாருன்னு காட்டணுமே?”

“பொருட்காட்சியில எங்க கடைக்கே வந்தாரு. நான்தான் டீ ஊத்திக் குடுத்தேன்!”

“டீயை வெச்சு நான் வாதாட முடியுமா? காகிதம் வேணும்க்கா, காகிதம்!”

கிடங்கில் பழைய பெட்டிகளைக் கொட்டிக் கவிழ்த்தோம். ஐந்தாம் நாள், பொட்டலம் கட்டும் ஜியாங் கூவினாள். “கிடைச்சிருச்சு!” மாதிரிக்கு மூன்று ஹல்மி ரீல்கள் பெற்றுக்கொண்டதாகவும், விற்பனை உரிமை பற்றிப் பேசியதாகவும் எழுதிய ரசீது. கீழே லுவானின் கையெழுத்து, அவர் பெயரைப் பதிவதற்கு முந்தைய தேதி, அவர் கம்பெனியின் சிவப்பு முத்திரை.

பெய்ஜிங்கில் விசாரணை. லுவான் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: “அந்தப் பேரை நான் கேள்விப்பட்டதே இல்ல. தானா மனசுல தோணுச்சு.”

சோங் லின் ரசீதை மேசைமேல் நகர்த்தினாள். “இந்த முத்திரையும் தானா விழுந்துச்சா, லுவான் சார்?”

அவருடைய வக்கீல் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

நான்கு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது: லுவானின் பதிவு செல்லாது. கன்டெய்னர் கப்பலேறிய அன்று ஆலையே துறைமுக வேலியோரம் நின்று கூச்சலிட்டது. முதலாளிக்குக் கேட்கட்டுமென்று தொலைபேசியை உயர்த்திப் பிடித்தேன். கூச்சல் அடங்கியதும் அவர் கேட்டார்:

“யூ, இன்னொரு வரிசை இயந்திரம் போட இடம் இருக்கா?”

“இடத்தை நான் உண்டாக்குறேன் சார்!”

அடுத்த பொருட்காட்சியில் எங்களுக்கு எதிர்க்கடை லுவானுடையது. பலகையில் அவருடைய சொந்தப் பெயர். ரீலைச் சுழற்றிப் பார்த்தேன், நன்றாகவே செய்திருந்தார்.

“என்னம்மா, பயமா இருக்கா?” என்றார்.

“பயமா? இப்பதான் சார் போட்டியே ஆரம்பிக்குது” என்று சொல்லிவிட்டு, காத்திருந்த வாடிக்கையாளர்களிடம் திரும்பினேன்.