கர்த்தாவின் வயிறு

அன்று மல்லேஸ்வரம் வீட்டில் இருந்தவர்கள்: குடும்பத்துக்குப் பெரியவரும், மாநில அரசில் துணைச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவருமான ஸ்ரீகண்டன்; அவருடைய ஒரே பிள்ளை அஷ்வத்; மருமகள் ஸ்வர்ணா; தம்பி அச்யுத்; மந்திரம் சொல்லி நடத்திவைக்க நரஹரி சாஸ்திரிகள்; இலையில் உட்கார வந்த இரண்டு பிராமணர்கள், அவர்களில் ஒருவர் கன்னடக்காரர். வேறு யாரும் இல்லை. ஸ்ரீகண்டனின் மனைவி ஜெயலக்ஷ்மிக்குத் திவசம். பிள்ளைதான் கர்த்தா.

போன வருஷத் திவசத்தில் அஷ்வத்துக்குப் பஞ்சகச்சம் சுற்றி வர எட்டவில்லை. இந்த வருஷம் அதே வேஷ்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் ஸ்ரீகண்டன் ஒரே பதில் வைத்திருந்தார். "காலம்பர நடை. தினம் சாங்கி கெரெயைச் சுத்தறான்." கெரெ என்பது பக்கத்தில் இருந்த ஏரி.

உண்மையில் ஆஸ்பத்திரியில் அவன் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். அந்த வம்சத்தில் ஒருவன் வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டான் என்று நாலு பேர் பேசக் கூடாது. ஒருவருக்கும் தெரியக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் ஸ்ரீகண்டன் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். ஆபரேஷன் நடந்த வாரம் அவன் ஆபீஸ் வேலையாக ஹைதராபாத் போயிருப்பதாக ஊருக்குச் சொன்னதும் அவர்தான்.

எடை போயிற்று, எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. குழாய்போல் மிஞ்சியிருந்த வயிறு எதையும் தங்கவிடாமல் மேலே தள்ளியது. படுத்தால் புளித்த நீர் தொண்டைக்கு ஏறும், சில நாள் மூக்குக்கும். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் அஷ்வத்துக்குத் தூக்கம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு என்று நாளை ஓட்டினான். அதற்கும் அடங்காவிட்டால் இன்னொரு ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அப்பா, ஒரே ஒரு மாத்திரை. ஒரு வாய் தண்ணி," என்றான் அன்று குளித்துவிட்டு வந்து.

"கர்த்தா பல்லில பச்சைத் தண்ணி படக் கூடாது."

"வாத்தியாரை ஒரு வார்த்தை கேட்டுடலாமே அப்பா," என்றாள் ஸ்வர்ணா.

"என்னன்னு கேப்பே? எதுக்கு மாத்திரைம்பார். தினம் கெரெயைச் சுத்தறவனுக்கு எதுக்கு மாத்திரை?"

ஸ்வர்ணா அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அச்யுத் வந்ததும் வராததுமாக அண்ணன் பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். "ஏண்டா, ஆபீஸ்ல பாதி அஷ்வத்தைத்தான் லீவுல அனுப்பியிருக்காளா? மீதி எங்கே?"

"சாங்கி கெரெயில விட்டுட்டான்," என்றார் ஸ்ரீகண்டன். பிராமணர்கள் சிரித்தார்கள். அஷ்வத் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

ஹோமப் புகை கூடத்தை நிறைத்தது. மந்திரத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்ல அவன் குரல் கம்மிக்கொண்டே வந்தது. திவசம் என்றால் நமஸ்காரத்துக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு முறை குனியும்போதும் அவன் கழுத்து நரம்பு புடைப்பதை ஸ்ரீகண்டன் தூணோரம் நின்று பார்த்தார். பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்தார்கள். பிண்டம் வைக்க அவன் முழங்காலிட்டுக் குனிந்தபோது வாய் நிறைய ஏறிவிட்டது. அம்மாவின் பிண்டத்துக்கு முன்னால் துப்ப முடியுமா? கண்ணை மூடி விழுங்கினான். கண்ணிலிருந்து தாரையாக நீர் வழிந்தது.

"அளபேடி, அளபேடி," அழாதே என்று கன்னடக்காரர் தேற்றினார்.

"மன்னி மேல அத்தனை பாசம் அவனுக்கு," என்றார் அச்யுத்.

அந்தக் கண்ணீர் எதனால் என்று ஸ்ரீகண்டனுக்குத் தெரியும். ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

தாம்பூலத்தோடு பிராமணர்கள் கூடத்தில் உட்கார, வீட்டாருக்கு இலை போட்டார்கள். ஸ்வர்ணா கணவன் இலையில் கால் கரண்டி சாதம் வைத்தாள்.

"என்னம்மா இது, காக்காய்க்கு வைக்கற மாதிரி?" என்றார் சாஸ்திரிகள். "கார்த்தாலேர்ந்து பட்டினி கிடந்த குழந்தை. பித்ரு சேஷம், அம்மா பிரசாதம். நன்னாப் போடு."

ஸ்வர்ணா மாமனாரைப் பார்த்தாள். அஷ்வத்தும் பார்த்தான். போதும் என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அடுத்தாற்போல் ஏன் என்று கேட்பார்கள்.

"போடு," என்றார்.

மிளகுக் குழம்பு, பாகற்காய், வடை, அதிரசம் என்று இலை நிறைந்தது. அஷ்வத் தலை நிமிராமல் சாப்பிட்டான். பாதி இலைகூடத் தாண்டவில்லை. எழுந்தான், சுவரைப் பிடித்தான், கொல்லைப்பக்கக் குழாயடி வரைக்கும் போக முடியவில்லை. நடையிலேயே எல்லாம் வந்துவிட்டது. பிறகு வெறும் நீர். பிறகு ஒன்றும் வராமலே குமட்டல்.

சாஸ்திரிகள்தான் முதலில் பேசினார். "பதறாதேங்கோ. பிண்டம் வெச்சாச்சு, பிராமணா சாப்பிட்டாச்சு. சிராத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஏதாவது மருந்து சாப்பிடறானா?"

ஸ்ரீகண்டன் இலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கார்த்தால ஒரு மாத்திரை," என்றாள் ஸ்வர்ணா, புருஷன் முதுகைத் தடவியபடி.

"சாப்பிட்டிருக்கலாமேம்மா. மருந்துக்கு தோஷமே கிடையாது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கப்படாதோ?"

கன்னடக்காரர் சந்தனம் பூசிய மார்பைத் துண்டால் மூடிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

இரண்டு நாள் கழித்து அச்யுத் போன் செய்தார். "அண்ணா, கோச்சுக்கப்படாது. கோவில்ல ஒரு மாதிரி பேசிக்கறா. அஷ்வத் குடிக்கறானாம். ஈரல் கெட்டுத்தான் இளைச்சுப்போயிட்டானாம். திவசத்தன்னிக்குக்கூட நிதானத்தில இல்லையாம். நீங்க சொல்ற நடைக் கதையை ஒருத்தரும் நம்பலை."

எதிரே நாற்காலியில் அஷ்வத் சாய்ந்திருந்தான். முதுகுக்கு மூன்று தலையணை. கண் மூடியிருந்தாலும் தூங்கவில்லை. தொண்டையில் ஏதோ ஏறுவதும் அவன் விழுங்குவதும் வெளியே தெரிந்தது. ஸ்ரீகண்டன் எழுந்து தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் வேண்டாம் என்று கையைக் காட்டினான். தண்ணீரும் எரிந்தது. டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, இருக்கேளா?"

"அவன் குடிக்கறதில்லை," என்றார் ஸ்ரீகண்டன். "ஈரலுக்கும் ஒண்ணும் இல்லை. நடந்தும் இளைக்கலை. எடை குறையறதுக்காக ஆபரேஷன் பண்ணி வயித்தை வெட்டி எடுத்திருக்கா. அன்னிக்கு அவனை மாத்திரை போடாதேன்னு சொன்னது நான். கோவில்ல கேக்கறவாகிட்ட இதை இப்படியே சொல்லு."